அணுப் பாடம் பரீட்சைக்கு மட்டும்தானா?

சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பதக்கம் அது. அதை அணிந்தால் உடம்பில் தெம்பு ஊறுமாம். கைப்பேசிக் கோபுரத்தின் அலைகள் அண்டாவாம். பதக்கத்திலிருந்து ‘நெகட்டிவ் அயனிகள்’ புறப்பட்டு நோய் நொடிகளை விரட்டுமாம். விளம்பரம் இப்படிச் சொன்னது.

பலர் நம்பினார்கள். விலை கொடுத்து வாங்கினார்கள். குழந்தைகளின் கையில் மாட்டிவிடக் காப்பும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதற்கு ஒரு முகமூடியும் வந்தது.

2021 டிசம்பர் மாதம் நெதர்லாந்து நாட்டின் அணுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஓர் எச்சரிக்கை விட்டார்கள். இப்படிப்பட்ட 10 பொருள்களில் கதிரியக்கம் இருக்கிறது என்றார்கள். அளவு குறைவுதான், ஆனால் இரவும் பகலும் நெடுநாள் அணிந்தால் கேடு விளையலாம் என்றார்கள். விற்பனைக்குத் தடை விழுந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? விளம்பரம் சொன்னது முழுப் பொய் அல்ல! அயனி வரும் என்றார்கள், வந்தது. அது எதனால் வருகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எட்டாவது, ஒன்பதாவது வகுப்பில் வரும் அணுப் பாடம் போதும். அதைப் படிக்காதவர்களா பதக்கம் வாங்கினார்கள்? படித்தவர்களும்தான். பரீட்சை எழுதினார்கள், மார்க்கு வாங்கினார்கள், மறந்துவிட்டார்கள்.

குற்றம் அவர்களுடையது என்று சொல்லிவிட முடியாது. ‘புரோட்டான் நேர் மின்சுமை உடையது, எலெக்ட்ரான் எதிர் மின்சுமை உடையது, நியூட்ரான் மின்சுமை அற்றது’ என்று மூன்று வரியை உருப்போடச் சொன்னால் யாருக்குத்தான் நினைவில் நிற்கும்? கதையை விட்டுவிட்டுப் பாத்திரங்களின் பெயரை மட்டும் ஒப்பிக்கச் சொல்வது போன்றது அது. அணுவின் கதை, துப்பறியும் கதையைவிடச் சுவையானது. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

கேசரியும் முந்திரியும்

அணு என்ற சொல் நமக்குப் பழையது. மிகச் சிறியதற்கு அணுவை உவமை சொல்வது தமிழில் நெடுநாள் வழக்கம். அதற்காக, எலெக்ட்ரானையும் முன்னோர்கள் கண்டுவிட்டார்கள் என்று மார்தட்டுவது சரியல்ல. பொருளைப் பிளந்துகொண்டே போனால் கடைசியில் பிளக்க முடியாத ஒரு துளி மிஞ்சும் என்று இந்தியாவிலும் நினைத்தார்கள், கிரேக்க நாட்டிலும் நினைத்தார்கள். நல்ல நினைப்பு. ஆனால் சோதித்துப் பார்த்தது பிற்காலம்.

சோதித்தபோது நினைப்பு தவறு என்று தெரிந்தது! அணுவும் பிளக்கக்கூடியதுதான்.

1897-ம் ஆண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரம். ஜே. ஜே. தாம்சன் என்ற பேராசிரியர், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்குள் ஒரு கதிர் ஓடியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கதிர் வளைந்தது. எவ்வளவு வளைகிறது என்று அளந்து கணக்குப் போட்டார். அது வெறும் ஒளி அல்ல, துகள்களின் ஓட்டம் என்று தெரிந்தது. அந்தத் துகள், அணுக்களிலேயே இலேசான ஹைட்ரஜன் அணுவைவிட 1,800 மடங்குக்கு மேல் இலேசானது என்று இன்று தெரியும். அதுதான் எலெக்ட்ரான்.

எலெக்ட்ரானுக்கு எதிர் மின்சாரம். அணுவுக்கோ மொத்தத்தில் மின்சாரம் இல்லை. அப்படியானால் ஈடுகட்ட உள்ளே நேர் மின்சாரமும் இருக்க வேண்டுமே? அது அணு முழுவதும் பரவிக் கிடக்கிறது, அதில் எலெக்ட்ரான்கள் அங்கங்கே பதிந்திருக்கின்றன என்று தாம்சன் நினைத்தார். இதை இங்கிலாந்துக்காரர்கள் உலர்ந்த திராட்சை போட்ட தங்கள் ஊர்ப் பலகாரத்துக்கு ஒப்பிட்டார்கள். நம் வீட்டுக் கேசரி என்று வைத்துக்கொள்ளலாம். கேசரி நேர் மின்சாரம். முந்திரிப் பருப்பு எலெக்ட்ரான்.

இந்தக் கேசரியைக் கவிழ்த்தவர் தாம்சனின் சீடர்.

இருட்டறையில் எண்ணியவர்கள்

எர்னஸ்ட் ரூதர்போர்டு நியூஜிலாந்து நாட்டுக்காரர். தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்தவர், விவசாயமும் பார்த்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. வீட்டில் 12 குழந்தைகள். உதவிச் சம்பளம் கிடைத்ததால் 1895-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். உரத்த குரல், பெரிய உருவம். 1908-ல் நோபல் பரிசு வாங்கினார். பரிசு வாங்கியபின் ஓய்ந்துவிடுகிறவர்கள் உண்டு. இவருடைய பெரிய கண்டுபிடிப்போ பரிசுக்குப் பிறகுதான் வந்தது!

அப்போது அவர் மான்செஸ்டர் நகரில் பேராசிரியர். ரேடியம் போன்ற பொருள்கள் தாமாகவே ‘ஆல்பா’ என்ற துகள்களை வீசி எறிகின்றன. நொடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம்! இந்தத் துகளைத் துப்பாக்கிக் குண்டாக உபயோகித்தால் என்ன? எதிரே ஒரு தங்கத் தகட்டை வைத்தார்கள். மூச்சுப் பட்டால் பறக்கும் அவ்வளவு மெல்லிய தகடு.

துகளைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் அது மோதினால் ஒரு சிறு பொறி மின்னும். அந்தப் பொறிகளை எண்ண வேண்டும். அதற்கு இருட்டறையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிறகு நுண்ணோக்காடியில் கண்ணைப் பதித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். சிறிது நேரத்தில் கண் சோர்ந்துவிடும். ரூதர்போர்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எண்ணும் வேலையைக் கைகர் என்ற ஜெர்மானிய உதவியாளரிடம் விட்டுவிட்டார்.

1909-ல் மார்ஸ்டன் என்ற மாணவர் வந்து சேர்ந்தார். வயது 20. இன்னும் பட்டம் வாங்காதவர். அவருக்கு என்ன வேலை கொடுப்பது? ‘தகட்டில் பட்டுத் துகள் ஏதாவது பின்பக்கம் திரும்பி வருகிறதா என்று பார்க்கட்டும்’ என்றார் ரூதர்போர்டு. வராது என்றுதான் அவரே நினைத்தார். கேசரியில் குண்டு பாய்ந்தால் மறுபக்கம் போகும், திரும்பி வருமா?

வந்தது!

எல்லாத் துகளும் அல்ல. பெரும்பாலானவை தகடே இல்லாதது போல ஊடுருவிப் போய்விட்டன. சில சற்றே விலகின. சுமார் 8,000-ல் ஒன்று மட்டும் சுவரில் அடித்த பந்து போலப் பின்னால் திரும்பியது. மெல்லிய காகிதத்தின்மேல் பீரங்கிக் குண்டைச் சுட்டு, அந்தக் குண்டு திரும்பிவந்து சுட்டவரையே தாக்கினால் எப்படியிருக்கும்? அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது என்று ரூதர்போர்டு பிற்காலத்தில் சொன்னார்.

8,000-ல் ஒன்றுதானே, ஏதோ கைத்தவறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் யோசித்தார். 1911-ல் விடை சொன்னார். அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும், நேர் மின்சாரம் முழுவதும், நடுவில் ஒரு சிறு புள்ளியில் குவிந்திருக்கிறது. அந்தப் புள்ளியை நேருக்கு நேர் நெருங்கிய துகள்தான் திரும்பி வந்தது. மற்றவை வெற்றிடத்தில் போயின. அந்தப் புள்ளியே அணுக்கரு.

எவ்வளவு சிறியது? ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு கோடியை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அப்படிப்பட்ட ஓர் அணுவைக் கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிதாக்குங்கள். நடுவில் ஒரு கடுகை வையுங்கள். அந்தக் கடுகுதான் கரு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே, இங்கே எடையும் போகவில்லை. அணுவின் எடையில் 99.9 சதவிகிதத்துக்கு மேல் அந்தக் கடுகில்தான்!

அப்படியானால் மேஜை, சுவர், மனிதன் எல்லாமே வெறும் வெளிதானா? பெரும்பகுதி அப்படித்தான். மேஜையில் கை வைத்தால் ஏன் உள்ளே போகவில்லை என்றால், கையின் அணுக்களில் உள்ள எலெக்ட்ரான்களும் மேஜையின் எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று கிட்டே விடுவதில்லை. கெட்டியாக இருப்பதாகக் கைக்குத் தெரிவது அந்த எதிர்ப்புத்தான்.

படம் பழைய படம்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நடுவில் சூரியன் போலக் கரு, சுற்றிலும் வட்டப் பாதையில் கிரகங்கள் போல எலெக்ட்ரான்கள். பாடப் புத்தகத்தில் மட்டுமா? விஞ்ஞானம் என்றாலே இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். ஆனால் எலெக்ட்ரான் அப்படி வட்டமடிப்பதில்லை. வட்டமடித்தால் சக்தியை இழந்து, கண் சிமிட்டும் நேரத்தில் கருவுக்குள் விழுந்திருக்கும். உலகமே இருந்திருக்காது. 1926-லேயே விஞ்ஞானிகள் இந்தப் படத்தைக் கைவிட்டுவிட்டார்கள். இன்ன இடத்தில் இருக்கக்கூடும் என்று சொல்லத்தக்க ஒரு மேகம் போல எலெக்ட்ரான் கருவைச் சூழ்ந்திருக்கிறது. அது துகள் மாதிரியும் நடக்கும், அலை மாதிரியும் நடக்கும். துகள் என்று காட்டிய தாம்சனுக்கு 1906-ல் நோபல் பரிசு. அலை என்று காட்டியதற்காக 1937-ல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? தாம்சனின் மகன்!

வட்டப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்பதல்ல. தொடக்கத்தில் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் அதன் கீழே ‘இது பழைய படம்’ என்று இரண்டு வார்த்தை அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? விஞ்ஞானம் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது மாணவனுக்கு அந்த இரண்டு வார்த்தையிலேயே விளங்கிவிடும்.

பற்பசையிலும் ரேடியம் நீரிலும்

கருவுக்குள் இருக்கும் நேர் மின்சாரத் துகளுக்குப் புரோட்டான் என்று 1920-ல் ரூதர்போர்டு பெயர் வைத்தார். ஆனால் புரோட்டான்களின் எடையை மட்டும் கூட்டினால் கணக்கு உதைத்தது. கூடவே மின்சாரம் இல்லாத இன்னொரு துகளும் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அதைக் கண்டுபிடித்தவர் அவருடைய மாணவர் ஜேம்ஸ் சாட்விக்.

சாட்விக் 1914-ல் கைகரிடம் ஆராய்ச்சி செய்ய ஜெர்மனியில் இருந்தார். முதல் உலக யுத்தம் மூண்டது. எதிரி நாட்டவர் என்று பிடித்து, பெர்லினுக்கு அருகே ஒரு பந்தய மைதானத்தில் அடைத்தார்கள். குதிரை லாயத்தில் வாசம். நான்கு ஆண்டுகள்! அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. கதிரியக்கப் பொருள் கலந்த பற்பசை அப்போது ஜெர்மனியில் விற்றது. பல்லுக்கு நல்லது என்று விளம்பரம்! சாட்விக் அதை வாங்கிப் பல் துலக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு சோதனை செய்தார். அவருக்கு அதன் உள்விஷயம் தெரியும்.

1932 பிப்ரவரியில் அவர் நியூட்ரானைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு மரணம். ஈபன் பையர்ஸ் என்பவர் பெரிய தொழிலதிபர். கோல்ப் விளையாட்டில் பட்டம் வென்றவர். கல்லூரியில் படித்தவர். ரேடியம் கலந்த நீரை, தெம்பு தரும் டானிக் என்று நம்பி, பல நூறு புட்டிகள் குடித்துத் தீர்த்தார். தாடை எலும்பு அழிந்தது. உயிர் போனது. ஈயத் தகடு பதித்த பெட்டியில் அடக்கம் செய்தார்கள்.

ரேடியம் ஏன் எலும்பைத் தின்றது? இதற்கும் விடை அணுவின் அமைப்பில்தான் இருக்கிறது. எலும்புக்கு வேண்டியது கால்சியம். கால்சியம் அணுவின் வெளி ஓரத்தில் 2 எலெக்ட்ரான்கள். ரேடியம் அணுவின் வெளி ஓரத்திலும் 2 எலெக்ட்ரான்கள். ஓர் அணு மற்ற அணுக்களோடு எப்படிப் பழகும் என்பதை வெளி எலெக்ட்ரான்களே தீர்மானிக்கின்றன. ஆகவே உடம்பு ஏமாந்துபோகிறது. கால்சியம் வந்ததாக நினைத்து ரேடியத்தைக் கொண்டுபோய் எலும்பில் வைத்துவிடுகிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு அது ஆல்பாத் துகள்களைச் சுடுகிறது. அன்று தங்கத் தகட்டின்மேல் சுட்ட அதே குண்டு!

வெளி எலெக்ட்ரானின் வேலையை அடுப்படியிலும் பார்க்கலாம். சோடியம் தண்ணீர் பட்டால் வெடித்துச் சீறும் உலோகம். குளோரின் நச்சு வாயு. சோடியம் தன் வெளி எலெக்ட்ரான் ஒன்றைக் குளோரினிடம் கொடுத்துவிடுகிறது. இரண்டும் அடங்கிவிடுகின்றன. ரசத்தில் போடும் உப்பு ஆகிவிடுகின்றன. இப்படி எலெக்ட்ரானை இழந்த அல்லது பெற்ற அணுவுக்குத்தான் அயனி என்று பெயர். உப்பு ஜாடி நிறைய இருப்பது அயனிகள்தான். அதற்காக யாரும் பதக்கம் வாங்கத் தேவையில்லை!

செம்பு பொன்னாகுமா?

வெளியே எலெக்ட்ரான்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தட்டும். ஒரு பொருளின் ஜாதகத்தை எழுதுவது உள்ளே இருக்கும் புரோட்டான். 29 புரோட்டான் இருந்தால் செம்பு. 79 இருந்தால் தங்கம். 80 இருந்தால் பாதரசம். 82 இருந்தால் ஈயம். இதில் விதிவிலக்கே கிடையாது.

பாதரசத்துக்கும் தங்கத்துக்கும் ஒரே ஒரு புரோட்டான்தான் வித்தியாசம். ஆனாலும் ரசவாதிகள் எத்தனை தலைமுறை புடம் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது. அடுப்புத் தீயானாலும் அமிலமானாலும், அது வெளி எலெக்ட்ரான்களைத்தான் அசைக்கும். மைதானத்தின் ஓரத்தில் ஆடும் ஆட்டம் அது. நடுவில் இருக்கும் கடுகைத் தொடாது. செம்பைப் பொன்னாக்குகிறேன், நகையை இரட்டிப்பாக்குகிறேன் என்று யாராவது வாசலில் வந்து நின்றால், வேறொன்றும் கேட்க வேண்டாம். ‘மீதி 50 புரோட்டானுக்கு எங்கே போவாய்?’ என்று கேட்டால் போதும்!

தங்கம் செய்யவே முடியாதா? முடியும். செய்தும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் செர்ன் என்ற ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் ஈயக் கருக்களை ஒளியின் வேகத்தை நெருங்கி ஓட விடுகிறார்கள். அவை ஒன்றையொன்று உரசினாற்போலக் கடக்கும்போது சிலவற்றிலிருந்து 3 புரோட்டான்கள் தெறித்துவிடும். 82-ல் 3 போனால் 79. தங்கம்! 2015 முதல் 2018 வரை இப்படி சுமார் 8,600 கோடி தங்கக் கருக்கள் உண்டாயின என்று 2025-ல் கணக்குச் சொன்னார்கள்.

எவ்வளவு பவுன் தேறும்? ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் போட்டு, அதில் 29 பங்கு. அதுவும் கணத்தில் சிதைந்துபோயிற்று. மூக்குத்திப் பொட்டுக்குக்கூட ஆகாது.

புரோட்டானும் கடைசி எல்லை அல்ல. 1968 வாக்கில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில், புரோட்டான்மீது எலெக்ட்ரான்களைச் சுட்டுப் பார்த்தார்கள். ரூதர்போர்டு செய்ததுதான், குண்டு மட்டும் வேறு. எதிர்பாராத அளவு சிதறல்! புரோட்டானுக்குள்ளும் மணிகள் இருந்தன. அவற்றுக்குக் குவார்க் என்று பெயர். புரோட்டானுக்கு மூன்று, நியூட்ரானுக்கு மூன்று. குவார்க்குக்குள் ஏதாவது இருப்பதாக இதுவரை யாரும் காணவில்லை.

பதக்கத்தின் ரகசியம்

இப்போது பதக்கத்துக்கு வரலாம். இத்தகைய பதக்கங்கள் பலவற்றைச் சோதித்தபோது தோரியம் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் தாதுவில் இருக்கிறதே, அதே தோரியம். அதன் கருவில் 90 புரோட்டான்கள். பாரம் தாங்காத வண்டி போல, கரு அவ்வப்போது 2 புரோட்டானையும் 2 நியூட்ரானையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. அதுதான் ஆல்பாத் துகள். அது காற்றில் பாய்ந்து, வழியில் எதிர்ப்படும் அணுக்களின் எலெக்ட்ரான்களைத் தட்டிப் பறிக்கிறது. எலெக்ட்ரானைப் பறிகொடுத்தது ஓர் அயனி. அந்த எலெக்ட்ரானை ஏற்றுக்கொண்டது ‘நெகட்டிவ் அயனி’. விளம்பரம் சொன்ன அயனி இதுதான்!

ஆல்பாத் துகளை ஒரு தாள் தடுத்துவிடும். ஆனால் தோரியத்தின் வழிவந்த தனிமங்கள் பீட்டா, காமா கதிர்களையும் விடுகின்றன. அவை தாளுக்கு அடங்குபவை அல்ல. காற்றில் எலெக்ட்ரானைப் பறிக்கும் கதிர், அணிந்தவரின் தோலிலும் பறிக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இது விளங்காதா? நன்றாக விளங்கும். பாடம் நடத்துகிறவர், கரும்பலகையில் வட்டம் போடுவதற்கு முன்னால் மார்ஸ்டனின் இருட்டறையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும். பரீட்சைத் தாளில் ‘நியூட்ரானைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று கேட்பதற்குப் பதில், ‘தீயில் காய்ச்சினால் செம்பு ஏன் பொன்னாகாது?’ என்று கேட்க வேண்டும். வீட்டில் பெற்றோரும் கேட்கலாம். பையனுக்குத் தெரியாவிட்டால் இருவருமாகப் புத்தகத்தைப் புரட்டலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நெதர்லாந்து அதிகாரிகள் பதக்கம் வாங்கியவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். இனி அணியாதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள், எங்கே திருப்பிக் கொடுப்பது என்று தெரியும்வரை காத்திருங்கள் என்றார்கள். பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் தோரியம் தன் வேலையை நிறுத்தாது. அதில் பாதி சிதைந்து முடிய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.